ஒன்றுமில்லாததில் மூன்றில் ஒன்று

முள்ளுக்காட்டுக் கீரி வெடுக்கன் அன்று காலையில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தான். பாதியைத் தின்றான். மீதியை மனைவி சிலும்பியிடம் நீட்டினான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாதி வெட்டுக்கிளி?" என்று சீறினாள் சிலும்பி. "பக்கத்து வளைக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன்!"

வெடுக்கனுக்குச் சுருக்கென்றது. மூக்கு தேயத் தானே தோண்டிய வளை அது. ஆனால் முள்ளுக்காட்டில் வேறு என்ன இருக்கிறது? கருவேல மரமும் காய்ந்த ஓடையும்தான். எலி கிடையாது, அதனால் பாம்பு கிடையாது. பாம்பு இல்லாத ஊரில் கீரிக்கு என்ன பிழைப்பு?

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்கராஜாவின் சோலை. அங்கே குளம் உண்டு, புல் உண்டு, தூக்கணாங்குருவிகள் உண்டு. சட்டமும் உண்டு. குருவி கூடு கட்ட வேண்டுமென்றால் முதலில் கரடியாரின் கைரேகை வாங்க வேண்டும். கட்டி முடித்ததும் குரங்கு அதிகாரி வந்து கூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். தாங்கினால் அனுமதி. அறுந்தால் அபராதம்! இத்தனையும் தாண்டி முட்டையிட்டால், மூன்றில் ஒன்று அரசருக்கு. அதை வாங்கிப் போவது நரி மந்திரி. அரசர் வாய்க்கு எது போனது, மந்திரி வாய்க்கு எது போனது என்று எந்தக் குருவியும் கேட்டதில்லை.

வெடுக்கன் யோசித்தான். குருவி வந்தால் முட்டை வரும். முட்டை வந்தால் பாம்பு வரும். பாம்பு வந்தால்... அவன் நாக்கில் நீர் ஊறியது.

நேரே அரசவைக்குப் போனான்.

"அரசே! முள்ளுக்காட்டுக்குக் குடிவருகிறவர்களிடம் பங்கு கேட்கக் கூடாது. கைரேகை, தொங்கல் எதுவும் கூடாது. பத்து மழைக்காலத்துக்கு!"

"திமிரைப் பார்த்தீர்களா அரசே?" என்றார் நரி மந்திரி.

"மந்திரியாரே, முள்ளுக்காட்டிலிருந்து இதுவரை என்ன பங்கு வந்தது?" என்று கேட்டான் வெடுக்கன்.

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததில் மூன்றில் ஒன்று எவ்வளவு?"

நரி விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தார். "ஒன்றுமில்லை!"

"அதைத்தானே விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன்!"

சிங்கராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கொடுத்தேன் வாக்கு! வைத்துக்கொள்!" என்றார். அரசரின் தாராள குணத்தை நினைத்து அவையே கண் கலங்கியது.

அடுத்து வெடுக்கன் குருவிகளிடம் ஓடினான். அவற்றின் தலைவி நாராயி, மூன்றாவது முறையாக அறுந்துபோன கூட்டை மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள்.

"பங்கு கிடையாதா?" என்று கேட்டாள்.

"கிடையாது!"

"தொங்கல்?"

"கிடையாது!"

"ஒரு சட்டமும் கிடையாதா?"

"சுத்தமாகக் கிடையாது!" என்று மார்தட்டினான் வெடுக்கன்.

நாராயி அவன் பற்களையே உற்றுப் பார்த்தாள். "அப்படியானால் என் முட்டையை நீங்கள் தின்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது அண்ணே?"

வெடுக்கனுக்கு மூக்கு சிவந்தது. "என்னைத் திருடன் என்கிறாயா?"

"கீரி என்கிறேன்."

பேரம் தொடங்கியது. "மாதத்துக்கு ஒன்றே ஒன்று?" என்றான்.

"போய்வாருங்கள் அண்ணே."

"தானாகக் கீழே விழுந்து உடைந்தது?"

"விழவைப்பீர்கள்!"

வெடுக்கன் வாலைச் சிலுப்பினான். நாலடி போனான். பாதி வெட்டுக்கிளி ஞாபகம் வந்தது. திரும்பி வந்தான்.

"சரி, தொலையட்டும்! ஒரே ஒரு சட்டம். முட்டையைத் தொட்டவன் கீரியானாலும் பல்லைப் பிடுங்கிவிடலாம். போதுமா?"

"இப்போது வருகிறோம்," என்றாள் நாராயி.

வந்தார்கள். கருவேல மரமெல்லாம் கூடுகள் ஊசலாடின. மரத்துக்கு மரம் முள்ளே காவல். குருவிகள் கொண்டுவந்து சிந்திய தானியத்துக்கு எலி வந்தது. எலிக்கும் முட்டைக்கும் சேர்த்துப் பாம்பு வந்தது. வந்த பாம்பு திரும்பவில்லை. ஓடிப்போன கீரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, "நாங்கள் எங்கே போனோம், சும்மா உறவுக்காரர் வீட்டுக்குத்தான்," என்றன.

"என்ன சிலும்பி, அமாவாசை போய்விட்டதே?" என்று கேட்டான் வெடுக்கன்.

"போகட்டும். இன்றைக்குச் சாரையா, நாகமா?"

மூன்று மழைக்காலம் போனது. ஒருநாள் நரி மந்திரி அரசரின் காதைக் கடித்தார். "நம் கருணையால் செழித்த இடம் அரசே! கருணைக்கு ஒரு பங்கு வேண்டாமா?"

மறுநாளே சிங்கராஜா பரிவாரத்தோடு முள்ளுக்காட்டுக்கு வந்துவிட்டார். குரங்கு அதிகாரி கடமை தவறாதவர். வந்ததும் ஒரு கூட்டைப் பிடித்துத் தொங்கினார். கிளை அவரை நன்றாகவே வரவேற்றது. அலறிக்கொண்டு ஓடினார். எந்த இடத்தில் முள் என்று யாரும் கேட்கவில்லை. போகிற போக்கிலேயே தெரிந்தது.

"வாக்கு பத்து மழைக்கு! மூன்றுதானே ஆயிற்று?" என்று கத்தினான் வெடுக்கன்.

"கொடுத்தபோது ஒன்றுமில்லை. இப்போது இருக்கிறதே!" என்றார் நரி.

சடசடவென்று சத்தம். குருவிகள் எல்லாம் கூட்டை விட்டு உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்தன.

"எங்களுக்கு இறக்கை இருக்கிறது அண்ணே. வருகிறோம்," என்றாள் நாராயி.

கீழே சிலும்பி கடைக்குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கினாள்.

நரியின் மேல் பாய வேண்டும்போல் இருந்தது வெடுக்கனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டான். கோபத்தில் பேசிய பேரம் படியாது என்பது அடிபட்டுக் கற்ற பாடம். குரலைத் தாழ்த்தினான்.

"அரசே, உங்கள் குகையில் பாம்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?"

சிங்கராஜா பிடரியைச் சொறிந்தார். "அதுவும் உண்மைதான். மூன்று மழையாகக் குட்டிகள் நிம்மதியாகத் தூங்குகின்றன."

"உங்கள் பாம்பெல்லாம் முட்டை வாசம் பிடித்து இங்கேதான் வருகிறது. இங்கே வந்தது எங்கள் வயிற்றில் இருக்கிறது. குருவி போனால் நாங்களும் போவோம். அப்புறம் பாம்பு உங்கள் குகைக்குத்தான் வரும். அதில் மூன்றில் ஒன்றை மந்திரியார் தம் கையாலேயே வாங்கிக்கொள்வாரா?"

நரி மந்திரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சிங்கராஜா உச்சிக்கிளையைப் பார்த்தார். சிலும்பியின் வாயில் தொங்கிய குட்டியைப் பார்த்தார். "மந்திரி! ஒன்றுமில்லாததில் மூன்றில் ஒன்று எவ்வளவு?"

"ஒ... ஒன்றுமில்லை, அரசே!"

"அதை மட்டும் வாங்கிக்கொண்டு நட! இன்னும் ஏழு மழை பாக்கி இருக்கிறது!"

குருவிகள் கூட்டுக்குள் நுழைந்தன. சிலும்பி குட்டியை இறக்கினாள்.

பத்து நாள் கழித்து வளை வாசலில் யாரோ செருமினார்கள். வெடுக்கன் எட்டிப் பார்த்தான். நரி!

"வெடுக்கண்ணே, இங்கே எனக்கு ஒரு பொந்து கிடைக்குமா? வேலையும் போயிற்று. சோலையில் பொந்து தோண்டப் போனால் கரடி கைரேகை கேட்கிறான். கெடுபிடி தாங்கவில்லை!"

"தாராளமாக வாருங்கள்! கைரேகை வேண்டாம், பங்கு வேண்டாம்," என்றான் வெடுக்கன். "வாயை மட்டும் கொஞ்சம் திறங்கள். எத்தனை பல் என்று பார்த்துவைத்துக்கொள்கிறேன்."

காய்ந்த மண் தழைக்க வேண்டுமானால் கேட்கிற கையை மடக்கு. தின்கிற வாய்க்கு மட்டும் ஒரு பூட்டுப் போடு, அதையும் முதலில் உன் வாய்க்கே போடு.