ஊர்ப் பல்

கோணப்புளியூர்க்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. இதுவரை அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அப்படி யோசித்ததால் வந்ததுதான். கோயில் கொடை என்னும் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தைத் தலைக்கட்டு என்பார்கள். அந்த ஊரில் நாற்பத்தொரு தலைக்கட்டு. ஒருவர் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற நாற்பது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடவே உட்கார்ந்து யோசிப்பார்கள். அவ்வளவு ஒற்றுமையான ஊர்.

அந்த ஊரில் பலவேசம் என்று ஒருவர். வாத்து மேய்க்கிறவர். நாக்கை மடித்து அவர் ஒரு சீழ்க்கை அடித்தால் நூற்றிருபது வாத்துகளும் வயலை விட்டு வரிசையாக ஏறி வந்துவிடும். அந்தச் சீழ்க்கைதான் அவருக்குப் பிழைப்பு. அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. சீழ்க்கை அடித்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. வாத்துகள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஊர் வயலுக்குப் போய்விட்டன.

கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார், சாமியிடம் ஒரு பாட்டம் அழுதும் பார்த்தார். வலி ஒன்றுக்கும் கேட்கவில்லை. டவுனில் பல் பிடுங்க எண்ணூறு ரூபாய் என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு வாத்துகளை விற்க வேண்டும். வாத்துகள் இருந்தால் அல்லவா விற்க?

அந்த வாரம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். பலவேசத்தின் கன்னத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி வச்சுக்கிடுங்க. யாருக்கு நோய் வந்தாலும் அதுல வைத்தியம் பாக்கலாம். ஒருத்தர் வலியை ஊரே தன் வலியா நினைக்கணும். அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். இன்னும் பத்து நிமிஷம் நின்று விளக்கியிருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் கொம்பையா நடுவில் உட்கார்ந்தார். பலவேசம் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். நிதி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார் கொடுப்பது என்பதில்தான் யோசனை.

"நோய் இல்லாதவன்தான் கொடுக்கணும்" என்றார் உச்சிமாகாளி. அவர் திருநெல்வேலிக்கு மூன்று தடவை போய் வந்தவர். அதனால் அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. "நோயாளிக்கு ஏற்கெனவே மருந்துச் செலவு இருக்கு. சுகமா இருக்கவனுக்கு என்னவே செலவு?"

"அப்போ சுகமா இருக்கதுக்கு வரியா?" என்று கேட்டார் மாசானம்.

"வரின்னு ஏன் நினைக்கீரு? வாடகைன்னு வச்சுக்கிடும்."

வாடகை என்றதும் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை வசூல் என்று முடிவானது.

திங்கட்கிழமை விடிந்தபோது ஊரே படுத்துக் கிடந்தது. முதல் வீட்டில் வயிற்றுவலி. இரண்டாவது வீட்டில் முதுகுப்பிடிப்பு. மாசானம் வீட்டில் அவர், அவர் மனைவி, மாமியார் மூன்று பேரும் ஒரே பாயில் படுத்து முனகிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக முனகினால் வசூலுக்கு வந்தவர் சொல்வது காதில் விழாதென்று முறை போட்டு முனகினார்கள். வசூலுக்குப் போனவர் உச்சிமாகாளி. ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது, தானும் சுகமாகத்தானே இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஆறாவது வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போனார்.

ஒரு காசு வசூலாகவில்லை. பலவேசம் மட்டும் திகைத்துப் போயிருந்தார். இத்தனை நோயாளிகள் இருக்கும் ஊரில் தன் ஒற்றைப் பல்லைப் பற்றிப் பேசுவதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி கூட்டம். எல்லாரும் கைத்தாங்கலாக வந்து சேர்ந்தார்கள்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றார் உச்சிமாகாளி. "பஸ்ல ஏறுதவன்தானே டிக்கெட் எடுக்கான்? ரோட்டுல நிக்கவன் எடுக்கானா? அதே மாதிரி, ஆஸ்பத்திரிக்குப் போறவன்தான் கொடுக்கணும். இனிமே நோயாளிக்குத்தான் வரி."

அவர் சொல்லி முடித்ததும் மாசானத்தின் மாமியார் எழுந்து, கைத்தடியைப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்து போனார். அடுத்த வசூல் நாளில் ஊரில் ஒரு தும்மல் இல்லை. எழுபது வயது ஆட்கள் வாசலில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலவேசம் வீட்டுக்கு உச்சிமாகாளி வந்தபோது, இந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று அவருக்குப் பதறியது.

"என்னவே, கன்னம் இப்பிடி இருக்கு?"

"வெத்தலை அடக்கியிருக்கேன்."

"ஒரு வாரமாவா?"

"நல்ல வெத்தலை."

உச்சிமாகாளி நோட்டில் 'வெற்றிலை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கொம்பையா ஊரைக் கூட்டி, ஒரே வாரத்தில் நோயே இல்லாத ஊராக ஆகிவிட்டோம், இனி நிதியே தேவையில்லை என்று சொல்லி, தேங்காய் உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். பலவேசத்துக்குக் கொடுத்த சில்லு ரொம்பப் பெரியது. நோயில்லாத ஆள் தேங்காய் தின்னாமல் இருக்க முடியுமா? கடித்தார். பிறகு அவர் போட்ட சத்தம் அடுத்த ஊர் வரை கேட்டது. வாத்துகள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அதற்கு மேல் அவர் மனைவி பிரமாச்சியால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார்.

"ஏன்யா, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா? மனுசன் பதினாலு நாளா கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்காரு. சுகமா இருக்கவன், சீக்காளின்னு பிரிச்சாத்தானே பொய் சொல்லுதிய? கோயில் கொடைக்கு எப்பிடிப் போடுதிய? தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு சமமாத்தானே? அப்பிடிப் போடுங்க!"

அந்த ஊரில் அதுவரை யாரும் சொல்லாத அளவுக்கு நல்ல யோசனை அது. அன்று இரவுக்குள் தலைக்கட்டுக்கு இருபது ரூபாய் வசூலாகிவிட்டது. பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் என்றால் இதுதான் ஊர் என்று பிரமாச்சியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஆனால் கொடைக்குப் போடுவதுபோல் வரி போட்டால், கொடையில் நடப்பதுபோல்தானே மற்றதும் நடக்க வேண்டும்? கொடையில் வெட்டும் கிடாயை நாற்பத்தொரு கூறாகப் பிரித்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு கொடுப்பார்கள். வரி கொடுத்தவனுக்குக் கூறு இல்லை என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா?

ஊர்ப் பணத்தில் முதலில் பத்து வலி மாத்திரை வாங்கினார்கள். அம்மியைக் கழுவி, மாத்திரைகளை மை மாதிரி அரைத்து, நாற்பத்தொரு வாழையிலைத் துண்டுகளில் கூறு வைத்தார்கள். ஒரு கூறு கூடிவிட்டது, ஒன்று குறைந்துவிட்டது என்று கொஞ்சம் சண்டையும் நடந்தது. பலவேசத்தின் கூறு ஒரு சிட்டிகை இருந்தது. அதை அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்தில் மாசானம் தும்ம, கூறு காற்றோடு போய்விட்டது. தன் கூறிலிருந்து பாதி கொடுக்கலாமா என்று மாசானம் கேட்டார். கூறை மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று கொம்பையா சொல்லிவிட்டார்.

அரைமணி நேரம் கழித்துக் கொம்பையாவே, "இப்ப வலி எப்பிடி இருக்கு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு வலி இல்ல" என்றார் மாசானம். "எனக்கும் இல்ல" என்றார் உச்சிமாகாளி. நாற்பது பேர் வலி இல்லை என்று கை தூக்கினார்கள். பலவேசம் மட்டும் தூக்கவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது, ஒரு ஆளிடம் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பாக்கிக்குப் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. நிதியில் மிச்சமிருந்தது சரியாக ஒரு பல்லுக்குப் போதும்.

மறுநாள் ஒரு மினி லாரி பிடித்து நாற்பத்தொரு பேரும் டவுனுக்குப் போனார்கள். பல் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து முதலில் பயந்துபோய், பிறகு, "யாருக்குப் பல் பிடுங்கணும்? உள்ளே வந்து உட்காருங்க" என்றார்.

பலவேசம் எழுந்தார். கூட்டம் அவரைப் பிடித்து உட்கார வைத்தது. ஊர்ப் பணத்தில் நடக்கிற எந்தக் காரியத்திலும் முதல் மரியாதை தலைவருக்குத்தான். அது பலவேசத்துக்கும் தெரியும். தான் எழுந்ததற்கு அவரே வெட்கப்பட்டு, தலைவர் வேட்டி தடுக்காமல் நாற்காலியில் ஏறக் கை கொடுத்தார். கொம்பையா ஊருக்காக எதையும் கொடுக்கத் தயாரானவர். ஊரார் கழுத்தில் போட்ட மாலையோடு சாய்ந்து வாயைத் திறந்தார். முன்பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் டாக்டரம்மாவும் சந்தேகப்படாமல் பிடுங்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது.

"பலவேசம், வலி போச்சா?" என்று கேட்டார் கொம்பையா, வாயில் பஞ்சோடு.

பலவேசம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நிதானமாக யோசித்தார். "இல்ல அண்ணாச்சி. அப்படியேதான் இருக்கு."

டாக்டரம்மா அப்போதுதான் அவரைப் பார்த்தார். "ஐயோ, இவருக்கு என்ன இப்படி வீங்கியிருக்கு?"

"இவருக்குத்தானே பல்வலி" என்றார் உச்சிமாகாளி.

"அப்போ அவருக்கு ஏன் பிடுங்கச் சொன்னீங்க?"

"அவர்தானே தலைவர்?"

டாக்டரம்மா கையிலிருந்த குறடை மேஜையில் வைத்தார். பிறகு, "பணம் வேண்டாம். இவருக்கு நான் இலவசமா பிடுங்கிடறேன். எல்லாரும் வெளியே போங்க" என்றார்.

வெளியே வந்ததும் யோசனை ஆரம்பமானது. இலவசம் என்றால் அது நிதியில் சேருமா, சேராதா? ஒருவருக்கு இலவசம் என்றால் மற்ற நாற்பது பேருக்கும் இலவசமா? பல் பிடுங்குவதே இலவசம் என்றால் தலைவரின் பல்லுக்குக் கொடுத்த பணம் என்ன கணக்கு? ஒரு முடிவுக்கு வருவதற்குள் கதவு திறந்தது. பலவேசம் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் காகிதத்தில் மடித்த பல். சீழெல்லாம் வெளியேறிவிட்டது, வீக்கம் சீக்கிரம் வடிந்துவிடும் என்று சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார் டாக்டரம்மா.

மினி லாரி ஊரை நோக்கித் திரும்பியது. பதினைந்து நாளாக மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது இப்போது நின்றுவிட்டது. பலவேசத்துக்கு உலகமே பிடித்திருந்தது. பனைமரம் பிடித்தது, எதிரே வந்த லாரியின் புகை பிடித்தது, மாசானத்தின் முழங்கை விலாவில் குத்தியதுகூடப் பிடித்தது. பஞ்சை எடுத்துவிட்டு மெல்ல ஒரு சீழ்க்கை அடித்துப் பார்த்தார். பாதி வந்தது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டார்.

கொம்பையா அவரைப் பார்த்தார். "என்னவே சிரிப்பு?"

"வலி போயிட்டு அண்ணாச்சி. சுத்தமாப் போயிட்டு!"

லாரியில் எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார்.

"யாரு வலி போச்சு?"

"என் வலிதான்."

"உம்ம வலியா? நர்ஸம்மா என்ன சொல்லிச்சு? உம்ம வலியை ஊரே தன் வலியா நினைக்கணும்னு சொல்லிச்சா இல்லையா? நாங்க நினைச்சோமா இல்லையா? வரி கொடுத்தோம், கூறு தின்னோம், தலைவர் பல்லைக் கொடுத்தாரு. அப்போ அது ஊர் வலி. கூட்டம் முடியல, தீர்மானம் ஆகல. ஊருக்குப் பொதுவான வலியை நீரு மட்டும் தனியாப் போய் எப்பிடிவே தீத்துட்டு வரலாம்?"

பலவேசம் திடுக்கிட்டுப் போனார். அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தார். கொம்பையா வாய் ஓரத்தில் ரத்தத்தோடு, ஊருக்காகப் பல் கொடுத்த மனிதர், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பல் வலித்த பதினைந்து நாளிலும் பலவேசம் இவ்வளவு வேதனைப்பட்டதில்லை.

"தப்புத்தான்" என்றார். "வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

டாக்டரம்மா கதவைப் பூட்டப் போகும் நேரத்தில் மினி லாரி வந்து நின்றது. நாற்பது பேர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். பலவேசம் மட்டும் உள்ளே போய், நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, மடியிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"டாக்டரம்மா, இதை இருந்த இடத்துலயே திருப்பி வச்சிருங்க. திங்கக்கிழமை கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, முறையா வந்து பிடுங்கிக்கிடுதோம்."

டாக்டரம்மா காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பல்லை மட்டும் வச்சு அனுப்பிராதீங்க" என்று வாசலிலிருந்து கொம்பையா சத்தம் கொடுத்தார். "வலியையும் சேத்து வைங்க. பொதுச் சொத்து, கொஞ்சம்கூடக் குறையக் கூடாது."

பலவேசம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாயை அகலமாகத் திறந்தார்.