மூக்காயி அரைத்த மான்விரட்டி

ராஜா குடைநிழலில் நடக்க, குடை பிடிக்கிறவர் வெயிலில் நடந்த அந்தப் பழைய காலத்தில், கரடிமலைக்கும் ஏரிக்கும் நடுவில் புளியங்காடு என்று ஓர் ஊர் இருந்தது. முன்வரிசையில் இருப்பவர்கள் நெளியாமல் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தூங்குவதானால் குறட்டை விடாமல் தூங்குங்கள்.

அந்த நாட்டு ராணி ஒரு மான்குட்டியை வளர்த்தாள். அது அவள் மடியில் படுத்தது, அவள் தட்டில் தின்றது, அவள் மெத்தையில் தூங்கியது. ஆகவே மானை அடிக்கக் கூடாது, மானுக்குக் கண்ணி வைக்கக் கூடாது, மான்மேல் அம்பு விடக் கூடாது என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார். ராஜாவுக்கு என்ன? அரண்மனை மதிலைத் தாண்டி எந்த மானும் குதிக்கப் போவதில்லை. புளியங்காட்டில்தான் வேலி இடுப்பு உயரம்.

ஊரின் கடைசி வயல், காட்டை ஒட்டிய வயல், மூக்காயியின் கையில் இருந்தது. அவள் புருஷன் சாத்தப்பன் நல்ல மனுஷன். எதைச் சொன்னாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பான். மூக்காயிக்கு நாளை என்ற சொல்லே ஆகாது. அடுப்பில் பானையை வைத்த கையோடு இன்னுமா கொதிக்கவில்லை என்று விறகைத் திட்டுகிறவள் அவள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காட்டோரத்து நிலம் யாருக்கும் சொந்தமில்லை. பாடுபடுகிறவர் கையில் இருக்கும். ஆனால் மூன்று அறுவடைக்குள் ஒரு தடவையாவது ஊர்த் தானியப் பத்தாயத்தை வாய்வரை நிரப்பிக் காட்ட வேண்டும். நிரப்பாவிட்டால் நிலம் பக்கத்து வயல்காரர் கைக்குப் போய்விடும்.

பக்கத்து வயல்காரி யார் தெரியுமா? அழகம்மை. சாத்தப்பனின் அண்ணன் பெண்டாட்டி, அதாவது மூக்காயிக்கு ஓரகத்தி. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

முதல் அறுவடையை மான் தின்றது. இரண்டாம் அறுவடையையும் மான் தின்றது. மூன்றாம் தடவையாகத் தட்டைப்பயறு முளைத்து, கொடி வீசி, பூ வைத்தபோது, மான்கள் வழக்கம்போல வந்து நின்றன.

அந்த வயலில் கிடந்த கல்லையெல்லாம் மூக்காயிதான் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லை வரப்பாக அடுக்கியவளும் அவள்தான். வரப்போரம் நின்ற முருங்கைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தவளும் அவள்தான். அழகம்மையோ இப்போதே ஏரிக்கரையில் நாலு பேர் முன்னால், நிலம் கைமாறினால் களையெடுக்க என்னிடமே வா, கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று பாசமாகச் சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து மூக்காயி தேய்த்த தேய்ப்பில் சட்டியின் அடி தெரிந்தது.

முதலில் சாத்தப்பன் ஒரு வழி சொன்னான். வைக்கோலில் ஓர் ஆள் கட்டி, தன் பழைய வேட்டியைச் சுற்றி, தலைப்பாகை வைத்து நடுவயலில் நிறுத்தினான். முதல் நாள் மான்கள் தூரத்தில் நின்று பார்த்தன. மறுநாள் பக்கத்தில் வந்து பார்த்தன. அதற்கடுத்த நாள் ஒரு பெண்மான் அந்த ஆளின்மேல் கழுத்தைத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொண்டது. பொம்மைக்குச் சாத்தப்பனின் ஜாடை அப்படியே வந்திருந்தது. அதனால் மான்கள் பயப்படாததில் மூக்காயிக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்து வேடன் கொம்பன் ஒரு வழி சொன்னான். ஒரு சேவலை வாங்கிக்கொண்டு, தேக்கிலையில் பொதிந்த புலிச்சாணத்தைக் கொடுத்தான். வேலியோரம் உருட்டி வைத்தார்கள். மான்கள் வரவில்லை. ஆடுகளும் வரவில்லை. களையெடுக்கச் சாத்தப்பனும் வரவில்லை. பிறகு ஒரு மழை பெய்தது. சாணம் கரைந்து ஓடியது, மான்கள் திரும்பி வந்தன. இன்னும் கொண்டா என்று மூக்காயி கேட்டதற்கு, நம் அவசரத்துக்குப் புலி போகுமா, அதற்கும் வயிறு ஒத்துழைக்க வேண்டாமா என்று கொம்பன் கேட்டான். சேவலை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை. அது ஏற்கெனவே குழம்பாகியிருந்தது.

மூன்றாவது வழியை மூக்காயி தானே கண்டுபிடித்தாள். இவர்களை நம்பியது போதும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மி முன் உட்கார்ந்தாள். வேப்பங்கொட்டை, பூண்டு, மிளகு, பெருங்காயம் எல்லாவற்றையும் வைத்து அரைத்து, புளித்துப் பொங்கிய மோரில் கரைத்து, அழுகிய முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கினாள். அந்த வாடைக்குத் தெருநாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போனது. சாத்தப்பன் சோற்றுத் தட்டோடு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டான். மோர் கடன் கேட்கிற சாக்கில் வந்த அழகம்மை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, அம்மியில் என்னென்ன இருக்கிறது என்று கண்ணாலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். புளியங்காட்டில் அம்மியில் எதை வைத்தாலும் முதலில் கல்லுப்பை வைத்து நசுக்குவார்கள். உப்பில்லாமல் அம்மி ஓடினால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். துவையலுக்கும் உப்பு, மருந்துக்கும் உப்பு, மருதாணிக்கும் உப்பு. அன்று அரைத்தது வண்டிவண்டியாக. அதற்குத் தக்கபடி மூக்காயியின் கை, மூக்காயியைக் கேட்காமலே, பிடிபிடியாக உப்பை அள்ளி வைத்தது.

அரைத்ததை வேலிக் குச்சி ஒவ்வொன்றிலும் பூசிவிட்டு வந்தார்கள்.

விடிந்ததும் மூக்காயி போய்ப் பார்த்தாள். இதற்குமுன் கொஞ்சம் மான்கள்தான் வரும். அன்று கரடிமலையின் மொத்த மான்களும் வந்திருந்தன. குச்சிக்கு ஒன்றாக நின்று நக்கிக்கொண்டிருந்தன. மிளகு ஏறித் தும்மின, மறுபடி நக்கின. ஒரு பெண்மான் கண்ணை மூடிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பாயசத்தை வழிப்பதுபோல வழித்தது.

பின்னாலேயே வந்த சாத்தப்பன் வேலியை ஒரு தடவை பார்த்தான், மான்களை ஒரு தடவை பார்த்தான். பிறகு சொன்னான்: "உன் துவையலை இவ்வளவு ஆசையா யாரும் தின்னு நான் பார்த்ததில்ல புள்ள."

மூக்காயி கல்லை எடுத்தாள். அது மானுக்கா சாத்தப்பனுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ராஜாவின் தண்டோரா மானைக் காப்பாற்றியது, சாத்தப்பன் அவசரமாகத் தானே விலகிக்கொண்டான். கல் கையிலேயே இருந்தது. அவள் மான்களைப் பார்த்தாள். பயிர் காலடியில் இருக்கிறது, ஒன்றுகூடக் குனியவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு, குச்சியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது, உறைத்தது, குமட்டியது. அத்தனைக்கும் அடியில் கரித்தது.

உப்பு!

மூக்காயி வயலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்த வயல்தான். மேய்ந்திருந்த இடம் அங்கும் இங்குமாக இல்லை. காட்டில் தொடங்கி ஏரிப்பக்கம்வரை ஒரே நேராக, வகிடு எடுத்ததுபோல இருந்தது. பயிரைத் தின்ன வந்தவை பயிரின் நடுவில் எதற்குப் பாதை போட வேண்டும்? போகிற வழியில் வாயில் பட்டதைத் தின்றுகொண்டு, இவை வேறு எங்கோ போய் வருகின்றன.

அந்த வகிட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது ஏரிக்கரையில், துணி வெளுக்கும் மாடன் உவர்மண் எடுக்கிற மேட்டில் போய் முடிந்தது. மேடு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதில் குழிகுழியாகப் பள்ளம். மாடன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏம்மா மூக்காயி, கேட்டா ஒரு கூடை மண்ணு குடுக்க மாட்டனா? இப்படியா திருட்டுத்தனமாத் தோண்டுறது?"

"எனக்கு எதுக்குய்யா உவர்மண்ணு? என் சேலை வெளுத்த வெளுப்பு போதாதா? குழிக்குள்ள குனிஞ்சு பாரு. கை போட்ட குழியா, நாக்கு போட்ட குழியா?"

மாடன் குனிந்து பார்த்தான். குழியின் ஓரமெல்லாம் வழவழவென்று நக்கிய தடம். சுற்றிலும் குளம்படி. திருட்டு யாருடையது என்று தெரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை கூடை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான்.

காட்டில் புல் இருக்கிறது, தழை இருக்கிறது, சுனை இருக்கிறது. உப்பு மட்டும் இல்லை. எப்படி விரட்டலாம் என்று ஊரெல்லாம் கேட்டோமே, எதற்கு வருகின்றன என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று மூக்காயி தன்னையே திட்டிக்கொண்டாள். மற்றவர்களைத் திட்டுவதைவிட அது கொஞ்சம் சுருக்கமாகவே முடிந்தது.

சாத்தப்பன் நாளைக்குப் பார்க்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவன் தலையில் ஒரு கூடை உவர்மண் ஏறிவிட்டது. இருவரும் சுமந்துபோய், காட்டு முகப்பில், வயலிலிருந்து பார்த்தால் தெரிகிற மொட்டைப்பாறை அடியில் கொட்டினார்கள். உப்புப் பானையின் அடியில் ஊறிக்கிடந்த தண்ணீரை ஊற்றி, கொழுக்கட்டை மாவுபோலப் பிசைந்து, ஒரு மேடு பிடித்து வைத்தாள். பிறகு தன் வேலிக் குச்சிகளை ஒன்று விடாமல் கழுவினாள்.

மான்களுக்கு மொட்டைப்பாறை போதுமானதாக இருந்தது. வீட்டு வாசலிலேயே கடை இருக்கும்போது யார் சந்தைவரை நடப்பார்கள்? பயறு பூத்தது, காய்த்தது, முற்றியது.

அழகம்மைக்கு இது பொறுக்கவில்லை. விரட்டச் சொன்னால் விருந்து வைக்கிறாள், ராஜாவின் மானை ஊருக்குள் இழுத்து எல்லார் வயலையும் அழிக்கப் போகிறாள், மானை இழுத்தவர் நிலத்தை விட வேண்டும் என்று ஊர்த்தலைவர் கருத்தையாவிடம் போய்ச் சொன்னாள். தலைவர் யோசித்தார். அறுவடையன்று காலையில் நானே வந்து நிற்கிறேன், இழுத்துவிட்டது உண்மையானால் பத்தாயம் நிரம்பினாலும் நிலம் கிடையாது என்றார்.

அழகம்மைக்கு மனதுக்குள் வேறு ஒரு கணக்கு இருந்தது. மான் நின்றுபோனதற்குக் காரணம் அந்த நாற்றக் கலவைதான், மண்மேடு வெறும் கண்துடைப்பு என்று அவள் நம்பினாள். ஆகவே அறுவடைக்கு முதல் நாள், கண்ணால் எடுத்துப் போனதையெல்லாம் வைத்துத் தானும் அரைத்தாள். கைப்பக்குவத்தில் மூக்காயிக்கு நான் இளைத்தவளா என்று உப்பை மட்டும் இரட்டிப்பாக வைத்தாள். தன் பயிரையும் மான் தொடக் கூடாது என்று தன் வேலி முழுக்கப் பூசினாள்.

மறுநாள் காலையில் ஊரே வரப்பில் கூடி நின்றது. மான்கள் காட்டைவிட்டு எட்டிப் பார்த்தன. மூக்காயி மூச்சு விடவில்லை. மான்கள் மொட்டைப்பாறைக்குப் போயின, நக்கின, திரும்பின. அவள் மூச்சு விடப் போகும்போது ஓர் இளம் கலைமான் நின்று, காற்றில் மூக்கைத் தூக்கியது. ஓர் அடி ஊரை நோக்கி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. பிறகு நேராக மூக்காயியின் வயலைப் பார்த்து நடந்து வந்தது.

அழகம்மை தலைவரைப் பார்த்தாள். சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மூக்காயி வரப்புக் கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள், தானே பொறுக்கி அடுக்கிய கல்.

மான் அவள் வேலியை மோந்து பார்த்தது. கழுவிய குச்சியில் ஒன்றுமில்லை. வேலியோரமாகவே நடந்து, எல்லையைத் தாண்டி, அழகம்மையின் குச்சியில் நாக்கை நீட்டியது. தும்மியது. மறுபடி நக்கியது. அதைப் பார்த்து மற்ற மான்களும் ஓடிவந்து வரிசையில் நின்றன.

தலைவர் போய்க் குச்சியைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார். "அழகம்மை, மானை ஊருக்குள் இழுத்தவர் நிலத்தை விடணும்னு நீதானே வழக்குக் கொண்டுவந்தே? அப்படின்னா உன் நிலம் பக்கத்து வயல்காரிக்குப் போகணும்."

ஊரே மூக்காயியைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும், இரண்டு வயலும் அவளுக்கு. களையெடுக்க வா, கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று திருப்பிச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அந்த வாக்கியம் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அழகம்மையின் முகத்தைப் பார்த்தாள். எதைத் தேடி இவள் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தாள்? காட்டுக்கு இந்தப் பக்கம் தன் பயிர் பிழைக்க வேண்டும் என்ற பயத்தில்தானே. தனக்கு இருந்த அதே பயம்.

"எனக்கு இருக்கிற வயல்ல களையெடுக்கவே இடுப்பு ஒடியுது. அக்கா கையில உப்பு கூடிப்போச்சு, அவ்வளவுதான். என்னிக்குத்தான் அவங்க அளவாப் போட்டாங்க? வேலியைக் கழுவிட்டாச் சரியாப் போகும். மேட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் மண்ணு சுமந்தா ரெண்டு வயலும் பிழைக்கும். வெயில் ஏறுது, அறுக்க விடுறீங்களா?"

தலைவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அன்று பத்தாயம் வாய்வரை நிரம்பியது, மேலே கூம்பாகவும் நின்றது. சாயங்காலம் ஓரகத்திகள் இருவரும் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து வேலியைக் கழுவினார்கள். முட்டை போதவில்லை என்று அழகம்மை சொன்னாள். பெருங்காயம் அதிகம் என்று மூக்காயி சொன்னாள். கழுவி முடிக்கும்வரை சண்டை முடியவில்லை. மான்கள் மொட்டைப்பாறையில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தன.

கதை பத்தாயத்துக்குள் போய்விட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம். போகிற வழியில் இதை மட்டும் மறக்காதீர்கள்: வாசலில் வந்து நிற்கிறவரை விரட்டக் கல்லெடுக்கும் முன், அவர் எதைத் தேடி வந்தார் என்று பாருங்கள்.