வெண்ணெய்ப் பூச்சு

"டீச்சர், கேக்குல பூசுத க்ரீம் எனக்கு நிக்கவே மாட்டேங்கு. வழியுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் படிச்சாகணும்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஞானசெல்வம் இதைச் சொல்லிவிட்டாள். ஐம்பத்தாறு வயது. வெயிலில் நடந்து வந்த மூச்சு அடங்கவில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி.

ரெஜினாள் நிமிரவில்லை. அவளுக்கு நாற்பதுதான். ஆனாலும் தூத்துக்குடியில் பாதிப் பெண்களுக்கு அவள் டீச்சர். கல்யாண கேக் செய்கிறவள். வீட்டில் வைத்தே செய்கிறாள். கடை கிடையாது, போர்டு கிடையாது. படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாம் நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"நான் படிக்க ஆறு வருசம் ஆச்சு."

"எனக்கு நாலு நாள்தான் இருக்கு டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"மக பெனிட்டாவுக்குக் கல்யாண நாளு. ரெண்டு வருசம் முடியுது. மருமகன் வீட்டுல இருந்து எல்லாரும் வாராங்க. அவளைக் கூட்டிட்டுப் போக."

"அவ இங்க எப்ப வந்தா?"

"ஒரு மாசம் இருக்கும்."

ரெஜினாள் இப்போது நிமிர்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் ஞானசெல்வத்துக்குத் தாங்கவில்லை.

"மருமகன் கொஞ்சம் கோவக்காரர். கோவம் வந்தா கை நீளும். மத்தபடி தங்கம். துறைமுகத்துல வேலை. குடி கிடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போயிருவாரு."

"மக என்ன சொல்லுதா?"

"போவ மாட்டேன்ங்கா. சின்னப்புள்ளைதான. எந்த வீட்டுல சண்டை இல்ல? நாலு பேரு பாக்க ஒரு கேக்கை வெட்டி, சிரிச்ச மொகத்தோட அனுப்பி வச்சா எல்லாம் சரியாயிரும். கடையில வாங்கினா வாங்கிப் போட்டாங்கன்னு ஆயிரும். அம்மா கையால செஞ்சதா இருக்கணும். ஆனா பாத்தா கடை கேக் மாதிரி இருக்கணும்."

விஷயம் இவ்வளவுதான். ஒரு தாய்க்கு ஒரு கேக் வேண்டும்.

ரெஜினாள் தூக்குச்சட்டியை வாங்கித் திறந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எழுந்து போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தாள்.

"சீனி பல்லுல கடிபடுது. எதுல பொடிச்சீங்க?"

"மிக்சியில."

"பொடிச்ச சூட்டோட வெண்ணெயில கொட்டினீங்க."

"ஆமா. யூடியூப்ல ஒருத்தி அஞ்சு நிமிசத்துல செஞ்சா டீச்சர்."

"அவ வீட்டுல ஏசி ஓடுது. உங்க வீட்டுல?"

"ஃபேன். அதுலயும் ஒரு றெக்கை கோணல்."

"அப்ப அவளையே கூப்பிட்டுப் பூசச் சொல்லுங்க."

ஞானசெல்வம் போகவில்லை. நின்றாள். அழவும் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரெஜினாள் ஒரு வெண்ணெய்க் கட்டியை அவள் பக்கம் தள்ளினாள். உப்புப் போடாத வெண்ணெய்.

"விரலை வைங்க."

"குழியுது."

"விரலைப் பாருங்க. மினுங்குதா?"

"மினுங்குது."

"உருகிட்டு. ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டு வேற எடுங்க."

மத்தியானம் வரை அதுதான் பாடம். ஒரு கட்டி கல்லாக இருந்தது. ஒரு கட்டி எண்ணெயாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு கட்டி குழிந்தது. விரல் மினுங்கவில்லை.

"இப்ப அடிங்க."

ஐஸ் தண்ணீரில் சட்டியை வைத்து, மரக்கரண்டியால் அடித்தாள். மஞ்சள் நிறம் குறைந்தது.

"வெளுத்துட்டு டீச்சர்."

"அடிங்க."

"கை வலிக்கு."

"யாருக்கு வலிக்கல? அடிங்க."

வெண்ணெய் சுண்ணாம்பு போல வெளுத்தது. கரண்டியைத் தூக்கினால் கூடவே எழுந்து, முனை வளையாமல் நின்றது. அப்புறம்தான் சீனி. மல் துணியில் சலித்து, ஆறவைத்து, ஒவ்வொரு கரண்டியாக.

ஞானசெல்வம் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடிபட ஒன்றும் இல்லை.

"வந்துட்டு டீச்சர்!"

"க்ரீம் வந்துட்டு. போயிட்டு நாளைக்கு ஒரு கேக் சுட்டுக் கொண்டாங்க."

வியாழக்கிழமை கேக் வந்தது. காலையில் சுட்டது. ஞானசெல்வம் அதைத் தட்டில் வைத்தாள், புது க்ரீமை அள்ளிப் பூசினாள். அழகாகத்தான் உட்கார்ந்தது. ஒரு நிமிடம். பிறகு ஒரு பக்கமாக நழுவியது. அடுத்த பக்கமும். மழையில் நனைந்த மண்சுவர் மாதிரி அடியில் போய்க் குவிந்தது.

"ஐயோ. நேத்து நல்லாத்தான இருந்துச்சு!"

"கேக் ஆறிட்டா?"

"ஆறிட்டு டீச்சர். தொட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

ரெஜினாள் கையைக் கேக்கின் நடுவில் விட்டாள். ஒரு பிடி பிய்த்து எடுத்தாள். ஞானசெல்வத்தின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினாள்.

ஞானசெல்வம் கையை உதறினாள். சுட்டது.

"நாளைக்கு வாங்க," என்றாள் ரெஜினாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது பெனிட்டா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காலையிலும் அங்கேதான் இருந்தாள்.

"சாப்பிட்டியாளா?"

"ம்."

"ஞாயித்துக்கிழமை கேக் வெட்டையில கொஞ்சம் சிரிக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டிருக்கேன்."

"சரிம்மா."

முந்தின நாள்வரை எதைச் சொன்னாலும் "போவ மாட்டேன்" என்றுதான் பதில் வந்தது. இன்று வரவில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஞானசெல்வம் நினைத்தாள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை கேக் வேண்டாம் என்று ரெஜினாள் சொல்லியிருந்தாள். மேசைமேல் ஒரு வட்டத் தெர்மக்கோல் கட்டை இருந்தது.

"இதுல பூசிப் பழகுங்க."

"இதுலயா?"

"இது சுடாது. உதிராது. உங்களுக்கு நேரமில்லைன்னு சொன்னீங்கள்லா."

சுழல் தட்டில் கட்டையை வைத்து, மேலே க்ரீமைக் கொட்டி, ஞானசெல்வம் கத்தியை இழுத்தாள். கோடு விழுந்தது. மறுபடி இழுத்தாள். இன்னும் இரண்டு கோடு.

"நீங்க என்ன, தோசை திருப்புதீங்களா? கத்தியை ஆட்டாதீங்க. கத்தி நிக்கட்டும். தட்டைச் சுத்துங்க."

சுற்றினாள்.

"கத்தியைச் சுடுதண்ணியில முக்குங்க. துடைங்க. ஈரத்தோட வச்சா புள்ளி விழும். ம். இப்ப வைங்க. சுத்துங்க. போதும், எடுங்க! எடுங்கன்னா எடுக்கணும்."

பதினைந்து தடவை வழித்தெறிந்தாள். பதினாறாவது தடவை கோடு விழவில்லை. வெள்ளைப் பீங்கான் மாதிரி ஒரே சீராக நின்றது. ஞானசெல்வம் குனிந்து பார்த்தாள், சுற்றிவந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

"உள்ள தெர்மக்கோல்னு யாராவது சொல்லுவாங்களா டீச்சர்?"

"சொல்ல மாட்டாங்க. உங்க மக கல்யாணத்துல யாரு சொன்னா?"

ஞானசெல்வம் திரும்பினாள்.

"அந்த கேக் நான் செஞ்சதுதான். மறந்துட்டீங்களா?"

"மறப்பனா! அஞ்சு தட்டு. மண்டபமே அதைத்தான் பாத்துச்சு."

"நாலு தெர்மக்கோல். அடித்தட்டு மட்டும் கேக். அதுலயும் ஒரு பக்கம்தான்."

"எல்லாரு வீட்டுலயும் அப்படித்தான டீச்சர்."

"எல்லாரு வீட்டுலயும் அப்படித்தான்." ரெஜினாள் கத்தியைத் துணியில் துடைத்தாள். "வெட்டுததுக்கு முன்னால உங்க மக என்ட்ட வந்தா. எந்த இடத்துல அக்கா வெட்டணும்னு மெதுவா கேட்டா. பயந்து போய் இருந்தா. கத்தி போற இடத்துல ஒரு ரோஸ் ரிப்பன் ஒட்டியிருந்தேன். இதுலதான்னு காட்டினேன்."

"நல்ல புள்ள. சரியா வெட்டினா."

"ஆமா. காட்டின இடத்துல வெட்டினா."

ரெஜினாள் துடைத்த கத்தியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞானசெல்வம் அதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றியது. சுழல் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ஞானசெல்வம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பூசி முடித்த கேக்கை ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ரெஜினாள் பெனிட்டாவைப் பார்த்தாள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று கேட்ட பெண்ணா இது? கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. அவள் மணிக்கட்டில் பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். பொத்தான் ஒன்று இல்லை.

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள்.

கேக் முந்தின நாள் சாயங்காலமே சுட்டது. உள்ளும் புறமும் ஆறியிருந்தது. ஆனால் நடுவில் ஒரு வெடிப்பு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

"அடுப்புச் சூடு கூடிட்டு டீச்சர். வேற சுட நேரமில்ல. பூசிட்டா தெரியாதுல்லா?"

"தெரியாது."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"வெட்டுத வரைக்கும் தாங்கும்."

"அது போதும்," என்றாள் ஞானசெல்வம்.

முதலில் வெடிப்புக்குள் க்ரீமைத் திணித்தாள். பிறகு மெல்லியதாக ஒரு பூச்சு, உதிரும் தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ள. குளிர்பெட்டியில் அரை மணி நேரம். பிறகு கெட்டியான பூச்சு. கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கினாள், துடைத்தாள், நிறுத்தினாள், தட்டைச் சுற்றினாள். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்தாள். யாரும் சொல்லவில்லை.

ஒரு கோடு இல்லை. ஒரு குமிழி இல்லை. அதற்குக் கீழே வெடிப்பு இருந்தது என்று அவளே சத்தியம் செய்திருக்க மாட்டாள்.

ரெஜினாள் மேசையைச் சுற்றி வந்தாள். குனிந்து ஓரத்தைப் பார்த்தாள்.

"கடை கேக்," என்றாள்.

அவள் வாயிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஞானசெல்வத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பை எடுத்தாள்.

ரெஜினாள் எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, ரோஸ் நிற க்ரீமை நிரப்பினாள். அதைப் பெனிட்டாவிடம் நீட்டினாள்.

"மேல எழுத இடம் இருக்கு. நீ எழுதும்மா."

"நானா? என்ன எழுத?"

"எனக்கு என்ன தெரியும்? உங்கம்மாட்ட கேளு."

"எம்மா, என்ன எழுத?"

"கல்யாண நாள் வாழ்த்துன்னு எழுதுளா. கீழ உங்க ரெண்டு பேரு பேரையும் போடு. மருமகன் பேரு முதல்ல."

பெனிட்டா எழுந்தாள். கேக் உயரமாக இருந்தது. கூம்பைப் பிடித்துக் கையை மேலே தூக்கினாள். பொத்தான் இல்லாத சட்டைக்கை முழங்கை வரை சரிந்தது.

இஸ்திரிப்பெட்டியின் முனை சுட்ட தடம், மூன்று. ஒன்று கறுத்திருந்தது. ஒன்று தோல் உரிந்து வெளுத்திருந்தது. மூன்றாவது பாதிதான் பதிந்திருந்தது. அதற்குள் கையை இழுத்திருப்பாள்.

ஞானசெல்வத்துக்குத் தெரியாததா? மருந்து போட்டதே அவள்தான்.

அவள் கை போனது. சரிந்த துணியைப் பிடித்தது, மணிக்கட்டு வரை இழுத்தது, இரண்டு விரலால் நீவிச் சுருக்கத்தை எடுத்தது. துணியில் ஒட்டிய க்ரீமையும் கட்டைவிரலால் வழித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெனிட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூம்பு ஆடவில்லை.

ரெஜினாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நல்லாப் படிஞ்சிட்டு அக்கா," என்றாள். "இனி உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல."

ஞானசெல்வம் சிரிக்கத் தொடங்கினாள். கேக்கைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

ரெஜினாள் கேக்கைப் பார்க்கவில்லை. இழுத்துவிட்ட சட்டைக்கையைப் பார்த்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அனல் காற்று பட்டால் க்ரீம் உருகிவிடும் என்று ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. ஞானசெல்வத்தின் விரல்கள் இன்னும் மகளின் மணிக்கட்டில் இருந்தன. உள்ளே நாடி அடிப்பது விரலில் தெரிந்தது. வேகமாக அடித்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. நாடி மட்டும் அடித்தது.

"எழுதவா எம்மா?"

கூம்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைமேல் விழுந்தது.

"எம்மா. எழுதவா?"

ஞானசெல்வம் சட்டைக்கையின் ஓரத்தைப் பிடித்தாள். மடித்தாள். மறுபடி மடித்தாள். பெனிட்டா கையை இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை. முழங்கைக்கு மேலே கொண்டுபோய்த் துணி இறங்காதபடி இறுக்கிச் செருகினாள்.

"எம்மா, என்ன செய்யுதீங்க? டீச்சர் பாக்காங்க."

"பாக்கட்டும்," என்றாள் ஞானசெல்வம். "நாளைக்கு வாசல்லயே நின்னு அவுகளும் பாக்கட்டும்."