சகலை வீட்டு வயர்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தத்தைப் பற்றின கதை. தள்ளி இருந்தால் பாதிதான் காதில் விழும்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிற மரகதத்துக்கு ஒரு சீடர் இருந்தார். பேர் திரவியம். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயசு மூத்தவர். ஆனாலும் தொழில் கத்துக்க வந்தவர் இல்லையா, ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவள் மேஜையில் வைத்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“வீட்டுக்காரி வளையல். கழட்டி வாங்கிட்டேன். இதை வித்து ஸ்பீக்கர் வயர் வாங்கப் போறேன்.”

“வளையலை வித்து வயரா?”

“என் சகலை சேர்மதுரை வாங்கியிருக்கான். அதே ஆம்ப்ளிஃபையர்தான், அதே ஸ்பீக்கர்தான் என்கிட்டயும் இருக்கு. வயர் மட்டும் அவனுக்கு அறுபதாயிரம். மாமனார் வீட்டுல இப்ப அதே பேச்சு. போன விருந்துல பந்தியில முதல் இலை அவனுக்கு! மூத்த மருமகன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன்.”

“சரி, உங்க செட்டுல என்ன குறை?”

“பாட்டுப் போட்டா பாட்டுக் கேக்கல டீச்சரம்மா. அவன் சிரிப்புதான் கேக்குது.”

மரகதம் வளையல் முடிச்சை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“உங்க வயரைக் கழட்டி எடுத்துட்டு வாங்க. சகலை வீட்டுக்குப் போவோம்.”

சேர்மதுரை வாசலிலேயே சிரித்தார். “வாங்க சகலை! நம்ம வயரைத் தரிசனம் பண்ண வந்தீங்களாக்கும்!”

மரகதம் இரண்டு பேரையும் காப்பி எடுத்துவர அடுக்களைக்கு அனுப்பினாள்.

திரும்பி வந்தால், செட்டுக்கு முன்னால் வேட்டி ஒன்று திரையாகத் தொங்குகிறது. சோபாவைக் காட்டினாள். உட்கார்ந்தார்கள்.

“ஒரே பாட்டு, ரெண்டு தடவை. எது யார் வயர்னு நீங்கதான் சொல்லணும்.”

திரைக்குப் பின்னால் போய்ப் பாட்டைப் போட்டாள். நிறுத்தினாள். என்னத்தையோ திருகுகிற சத்தம். மறுபடி போட்டாள்.

திரவியத்துக்கு முகம் செத்துப் போச்சு.

“ரெண்டாவதுதான் சகலை வயர். வீணைக் கம்பி அதிருறது தனியாக் கேட்டுது. பாவிப்பய, குடுத்து வச்சவன்.”

சேர்மதுரை தொடையைத் தட்டினார். “பின்னே! முதல்ல பாடினது தகர டப்பாம்மா.”

“நிச்சயமா?”

“நிச்சயம்!” ரெண்டு குரலும் ஒன்றாக வந்தது.

திரவியம் வளையல் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகைக்கடைக்குக் கிளம்பினார்.

“ஒரு நிமிஷம் அண்ணாச்சி” என்றாள் மரகதம்.

சேர்மதுரையை எழுந்திருக்கச் சொன்னாள். அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கினாள். அடியிலிருந்து அறுபதாயிரம் ரூபாய் வயரை எடுத்து, சுருட்டி, அவர் கையிலேயே கொடுத்தாள்.