நால்வர் தைலத்தை ஒரு மரக்கால் பேர் பார்த்த கதை

நத்தமேட்டில் நால்வர் தைலம் என்று ஒன்று இருந்தது. மூட்டுவலி, முதுகுவலி, சுளுக்கு மூன்றுக்கும் கேட்கும். நல்ல தைலம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அதைக் காய்ச்சியவர்கள் நான்கு பேர். மூத்தவர் தெய்வநாயகம். கொடுமுடி, பொன்னுரங்கம், அய்யாக்கண்ணு மூவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்குக் கூட்டாளிகள். தெய்வநாயகம் ஒரே வகுப்பிலேயே தங்கித் தங்கி இருந்ததால், பின்னால் வந்த மூன்று பேரும் அவரைப் பிடித்துவிட முடிந்தது. நால்வரில் அவர்தான் விவரமானவர் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

தைலம் விற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிடித்திருந்த ஓட்டுக் கடையில் பாட்டில்கள் கூரை வரைக்கும் அடுக்கி நின்றன. தெய்வநாயகத்தின் மாமனார் பரமசிவம் பக்கத்து ஊரில் ரைஸ்மில் வைத்திருப்பவர். ஆடி முடிவதற்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால், மாப்பிள்ளை மில்லுக்கு வந்து தவிட்டு மூட்டைக்கு வாய் தைக்கட்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

தெய்வநாயகத்துக்குத் தவிடு ஆகாது. கல்யாணமான புதிதில் மில்லைச் சுற்றிப் பார்க்கப் போய், ஒரு திறந்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தும்மிவிட்டார். அது கிளப்பிய தவிட்டில் இன்னொரு தும்மல், அதில் இன்னொன்று என்று போய், கடைசியில் மூட்டையும் காலியானது, மில்லும் அன்றைக்கு நின்றது. அங்கே வேலை செய்பவர்கள் இன்றைக்கும் அவரைத் தும்மல் மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். மில்லை நினைத்தாலே அவருக்கு மூக்கு அரிக்கும்.

அதனால்தான் பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, பெரிய போர்டு ஒன்று வைத்தார்கள். அதில் பாட்டில் படம், நால்வர் படம், தைலத்தின் பெயர், எந்த வலிக்கு என்ற விவரம், கடைக்கு வழி எல்லாம் இருந்தன. போர்டு வைத்தும் ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, தெய்வநாயகத்தின் மனைவி வேதவல்லியின் தம்பி பிரசன்னா கோயில் நோன்புக்கு வந்திருந்தான். சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். ஊர் திரும்பப் பஸ் ஏறப் போனவனை நால்வரும் பிடித்துக்கொண்டார்கள். அவன் படிக்கட்டில் நின்றபடியே யோசனை சொன்னான்.

"போர்டு வெச்சா மட்டும் போதாது மாமா. எத்தனை பேர் பாக்கறாங்கன்னு தினமும் கணக்கு வையுங்க. எது ஆளை நிறுத்துதோ அதை வெச்சுக்குங்க, நிறுத்தாததை எடுத்துடுங்க. எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறணும், அவ்வளவுதான்."

பஸ் புறப்பட்டது. அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், தைலம் என்கிற வார்த்தை காற்றில் வந்ததும் உண்மை. மீதியைக் கண்டக்டரின் விசில் விழுங்கிவிட்டது. பரவாயில்லை, முக்கியமானதெல்லாம் கிடைத்துவிட்டது என்று தெய்வநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மறுநாள் காலையில் கொடுமுடி போர்டுக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு பக்கம் கொண்டைக்கடலைப் பை, இன்னொரு பக்கம் காலிச் சட்டி. போர்டை ஒருவர் பார்த்தால் சட்டியில் ஒரு கடலை போட வேண்டும். ஏற்பாடு சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனவருக்கு முழுக் கடலை போடுவதா என்ற சந்தேகம் வந்து, நால்வரும் கூடிப் பேசி, அப்படிப்பட்டவர்களுக்குப் பாதிக் கடலை, அதாவது கடலைப்பருப்பு, போடுவது என்று தீர்மானித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு வந்த ஒருவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல், அவருடைய கடலையைக் கொடுமுடி வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான்.

பிறகு ஒரு மாடு வந்தது. வந்து நின்று, போர்டை நிமிர்ந்து பார்த்தது. மனிதர்கள் யாரும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

"மாட்டுக்குப் போடலாமா அண்ணே?" என்றான் கொடுமுடி.

"மாடு தைலம் வாங்குமா?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

"மனுசங்க மட்டும் வாங்கினாங்களாக்கும்?" என்றான் அய்யாக்கண்ணு.

தெய்வநாயகம் கண்ணை மூடி யோசித்தார். மாட்டுக்கு நாலு கால், ஆகவே மூட்டும் அதிகம், நியாயமாகப் பார்த்தால் அதற்குத்தான் தைலம் கூடுதலாகத் தேவைப்படும் என்று தீர்ப்புச் சொன்னார். மாட்டுக்கு ஒரு கடலை விழுந்தது. அது கொடுமுடியின் கையிலிருந்தும் ஒன்று வாங்கித் தின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து தினமும் தவறாமல் வந்தது.

சாயங்காலம் சட்டியைப் பார்த்தால் அடியில்தான் கடலை கிடந்தது. இத்தனை ஜனம் போய் வந்த இடத்தில் இவ்வளவுதானா என்று தெய்வநாயகம் சட்டியைக் குலுக்கிப் பார்த்தார். கொடுமுடியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"கடலையைத் தின்னியா?" என்றார் தெய்வநாயகம்.

"பாத்தவங்களை நான் தின்னலைங்கண்ணே. பாத்துட்டு அப்புறம் பஸ் ஏறிப் போயிட்டாங்க பாருங்க, அவங்களைத்தான் எடுத்தேன். ஊர்லயே இல்லாதவங்களைக் கணக்குல வெச்சா பொய்க் கணக்கு ஆயிடாதா?"

தெய்வநாயகம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கணக்கில் இவ்வளவு நாணயமான ஆளை வைத்துக்கொண்டு தைலம் விற்காமல் போனதுதான் அவருக்கு விளங்கவில்லை.

கடலையை ஒவ்வொன்றாக எண்ணுவது சலிப்பான வேலை என்பதால் ஆழாக்கில் அளந்தார்கள். ஒரு ஆழாக்குப் பேர் பார்த்திருந்தார்கள். சட்டியைக் கடையின் மூலையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆடி மழை ராத்திரி முழுக்க அடித்தது. ஓட்டுக் கடை ஒழுகியது. விடிந்து வந்து சட்டியை அளந்தால், ஆழாக்குப் பேர் உழக்குப் பேராக, அதாவது இரண்டு மடங்காக, ஆகியிருந்தார்கள்.

நால்வரும் மறுபடியும் அளந்து பார்த்தார்கள். ராத்திரியில் யார் வந்து பார்த்திருப்பார்கள் என்று பொன்னுரங்கம் கேட்டான். மூட்டுவலி ராத்திரியில்தான் அதிகம், தூக்கம் வராதவர்கள் வந்திருப்பார்கள் என்று அய்யாக்கண்ணு விளக்கினான். ஆளும் ஒவ்வொருவரும் நேற்றைவிடப் பருமனாகத் தெரிகிறார்கள், வசதியானவர்கள் போல, என்றான் கொடுமுடி. தண்ணீர் விட்டால் எண்ணிக்கை ஏறுகிறது என்பதைத் தெய்வநாயகம்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கடையைப் பூட்டுமுன் சட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாயிற்று. இரண்டு மூன்று நாளில் கடலை முளை விட்டது. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அங்கேயும் விஷயம் முளைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்தது இரண்டாவது யோசனை. ஆளை நிறுத்தாததை எடுத்துவிட வேண்டும். போர்டில் எந்த இடத்தில் கண் நிற்கிறது என்று பார்க்க, போகிறவர்களின் மூஞ்சிக்கு எதிரே பொன்னுரங்கம் தன் மூஞ்சியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். கடைக்கு வழி எழுதியிருந்த வரியில் ஒருவர் கண்ணும் நிற்கவில்லை. அய்யாக்கண்ணு ஏணி போட்டு ஏறி, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். வலிகளின் பெயரில் நிற்கவில்லை, அதையும் அடித்தான். பாட்டில் போனது. தைலத்தின் பெயர் போனது. நால்வர் படத்தில் அய்யாக்கண்ணுவின் படத்தை மட்டும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்று அய்யாக்கண்ணுவே சொல்லிப் பார்த்தான், மற்ற மூவரும் சம்மதிக்கவில்லை.

தன் மூக்கின் மேல் தானே பெயிண்ட் அடிக்கும் துக்கத்தில் அய்யாக்கண்ணுவுக்குக் கால் வழுக்கியது. ஏணி ஒரு பக்கம் போனது. அவன் வேட்டி போர்டின் முனையில் மாட்டிக்கொள்ள, கோடு போட்ட டிராயரோடு அந்தரத்தில் தொங்கினான்.

பஸ் ஸ்டாண்டே நின்றது. பூ விற்கிறவர்கள் நின்றார்கள், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நின்றார், உள்ளே வந்த பஸ் நின்று, அதிலிருந்து தலைகள் நீண்டன. கொடுமுடிக்கு ஒவ்வொன்றாகப் போட நேரமில்லை. பையைச் சட்டியில் அப்படியே கவிழ்த்தான்.

"இதுதான் ஆளை நிறுத்துது," என்றார் தெய்வநாயகம் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. தவிட்டு மூட்டை தன்னை விட்டுத் தூரத் தூரப் போவதை அவரால் பார்க்க முடிந்தது.

அன்று முதல் நால்வரும் முறை வைத்து விழுந்தார்கள். கீழே அடிபடாமல் இருக்க வைக்கோல் பரப்பிக்கொண்டார்கள். எப்படி விழுந்தால் கூட்டம் அதிக நேரம் நிற்கிறது என்பதை அளந்து, விழுவதிலும் முன்னேற்றம் கொண்டுவந்தார்கள். சத்தமில்லாமல் விழுவதைவிட, விழுமுன் கொஞ்சம் தள்ளாடுவது நல்லது என்று தெரிந்தது. வெளியூரிலிருந்து கூட ஆள் வந்தது. சட்டி போதாமல், நெல் அளக்கிற மரக்கால் வந்தது. அதுவும் தண்ணீர் குடித்துக் குடித்துத் தளும்பியது.

தைலம் மட்டும் விற்கவில்லை. ஒருநாள் தெய்வநாயகம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கொடுமுடிக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்க மச்சினன் விக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா? பாக்கறதைத்தான சொன்னாரு. புதுசு புதுசா எதையாவது கிளப்பாதீங்கண்ணே."

ஆடியின் கடைசி நாளன்று மாமனார் பரமசிவம் மில் லாரியிலேயே வந்து இறங்கினார். அன்றைக்கு முறை தெய்வநாயகத்துடையது. ஏணி உச்சியிலிருந்து மாமனாரைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூட்டம் அலைமோதியது, மாமனாரும் அதில் ஒருவராக வாய் பிளந்து நின்றார். கொடுமுடி அவருக்காக ஒரு நல்ல முளை விட்ட கடலையாகப் பொறுக்கிப் போட்டதைத் தெய்வநாயகம் மேலே இருந்தே பார்த்தார். வாழ்க்கையிலேயே இல்லாத அழகோடு தள்ளாடி, கைகளை விரித்து விழுந்தார்.

வைக்கோலை மாடு தின்றுவிட்டிருந்தது.

காலில் சரியான சுளுக்கு. அலறல் கேட்டுக் கூட்டம் நெருங்கியது. பாவம் மனுசன், யாராவது ஓடிப்போய் ஒரு தைலம் வாங்கி வாருங்கள் என்று பல குரல்கள் எழுந்தன. இந்த ஊரில் தைலம் எங்கே விற்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கொடுமுடியும் நாலு பேரிடம் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

"முந்தி இங்கதானே ஏதோ தைலம்னு ஒரு போர்டு இருந்துச்சு?" என்றாள் பூ விற்கிற அம்மாள்.

"அதை எடுத்துட்டோம்," என்றான் அய்யாக்கண்ணு. "யாரும் பாக்கலை."

பொன்னுரங்கம் மூச்சிரைக்க மெடிக்கலுக்கு ஓடி, வேறு ஏதோ கம்பெனித் தைலம் ஒன்றை வாங்கி வந்தான். அதைத் தேய்க்கும்போது தெய்வநாயகம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர், எந்த வலிக்கு, எங்கே கிடைக்கும் என்று சுற்றிலும் எழுத்து. விவரம் கெட்ட கம்பெனி, இத்தனையும் யார் படிப்பார்கள் என்று அந்த வலியிலும் அவருக்குப் பரிதாபமாக இருந்தது.

பரமசிவம் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மாப்பிள்ளை, உங்க தைலம் எங்க?"

"கடையில நிறைய இருக்குங்க மாமா."

"அதை எடுத்துட்டு வந்து தேய்ச்சா என்ன?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுமுடிதான் பணிவாகச் சொன்னான். "அது விக்கறதுக்குங்க."

பரமசிவம் எழுந்து லாரிப் பக்கம் திரும்பினார். கடைசி நம்பிக்கையாக, தெய்வநாயகம் மரக்காலைக் கொண்டுவரச் சொல்லி அவர் முன்னால் வைத்தார். இத்தனையும் எங்களைப் பார்த்தவர்கள் மாமா, ஆழாக்கில் ஆரம்பித்தோம் என்றார். தானியத்திலேயே தலை நரைத்த பரமசிவம், கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"ஊற வெச்சிருக்கீங்க."

"முன்னேத்தியிருக்கோமுங்க," என்றார் தெய்வநாயகம்.

பரமசிவம் கையிலிருந்த கடலையை மரக்காலிலேயே உதறினார். டிரைவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக மாப்பிள்ளையைத் தூக்கி லாரியின் பின்னால், தவிட்டு மூட்டைகளின் மேல், காலை நீட்டி உட்கார வைத்தார்கள். அவருக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்தது. லாரி கிளம்பியது. கூட்டாளிகள் மூவரும் போர்டுக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். அவர்களை விட்டுப் போகிறோமே என்று தெய்வநாயகம் மூட்டை மேலிருந்து கையை ஆட்டினார். கண்ணில் தண்ணீரோடு திரும்பி, கரேலென்று நின்ற அந்தப் போர்டைக் கடைசியாக ஒருதரம் ஏக்கத்தோடு பார்த்தார்.

"அண்ணன் பாத்துட்டாரு," என்று கொடுமுடி சொல்வது கேட்டது. அவன் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து மரக்காலில் போட்டான். தெய்வநாயகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

லாரி வளைவை நெருங்கியது. கொடுமுடி லாரியைப் பார்த்தான், மரக்காலைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான். பிறகு அந்தக் கடலையைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அதுதான் நியாயம் என்று தலையை ஆட்டியபடியே, தெய்வநாயகம் முதல் தும்மலைத் தும்மினார்.