கண்ணாடியில் விழாத இடம்

"என் கண்ணுலதான் ஏதோ கோளாறு டீச்சர்" என்றார் கொம்பையா.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சர் அமலிக்கு முப்பத்து நாலு. தூத்துக்குடித் துறைமுகத்தில் பத்து வருஷம் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டியவள். இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.

கொம்பையா இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டுகிற மனுஷன். ஹெவி லைசென்ஸ் கையில் இருக்கிறது. என்ன பிரயோஜனம்? கம்பெனிக்காரர்கள் லாரிகளைத் தள்ளிவிட்டு ட்ரெய்லர் வாங்கிவிட்டார்கள். அதற்கு லைசென்ஸில் ட்ரெய்லர் என்று தனியாக ஏறவேண்டும். இந்த மாதத்துக்குள் ஏறாவிட்டால் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

முன்னால் ஓட்டுவதில் கொம்பையாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரிவர்ஸ்தான் உயிரை வாங்கியது. டெஸ்ட்டில் கம்பம் நட்டு, அதற்கு நடுவே பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார்கள். இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தார்.

நாளைக்கு மூன்றாவது தடவை.

கண்ணில் என்ன கோளாறு என்று அமலி கேட்டாள்.

அவர் மென்று விழுங்கிச் சொன்னார். பின்னால் போய்த் திரும்பும்போது ஒரு இடம் வருகிறது. ஒரு கண்ணாடி முழுக்க ட்ரெய்லரின் விலா. இன்னொரு கண்ணாடியில் வெறும் தரை. வால்பக்கம் என்ன இருக்கிறது என்று இரண்டிலும் விழுவதில்லை. மற்ற டிரைவர்களுக்கெல்லாம் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் கண் டாக்டரிடம்கூடப் போய்ப் பார்த்துவிட்டார். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அந்த இடத்துல உங்களுக்கு என்ன தெரியும் டீச்சர்? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி."

கேலி பண்ணுகிறாளோ என்று கொம்பையா அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குமா?"

"எனக்குந்தான். யாருக்குமே தெரியாது."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்தச் சந்தோஷம் தீருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அப்போ அந்த இடத்துல என்ன செய்வீங்க?"

அமலி அவரை ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ரிவர்ஸ் எடுத்தாள். அந்த இடம் வந்தது. நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே கொம்பையா நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஏறினாள். வண்டியைக் கம்பங்களுக்கு நடுவே அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எங்க போனீங்க?"

"பாக்கப் போனேன்."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதைத்தானா இவ்வளவு நாள் தேடினோம்? பாதியில் இறங்கிப் பார்க்கிறவனை லாரி ஸ்டாண்டில் ஒரு வாரத்துக்குக் கேலி பண்ணித் தள்ளிவிடுவார்கள். டெஸ்ட்டில் இறங்கினால் பெயிலாக்கிவிடுவார்களே என்றார்.

"பெயிலாக்கினா ஆக்கிட்டுப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மைதானத்து ஓரத்தில் டெஸ்ட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இடம் வந்தது. ஒரு கண்ணாடியில் விலா. ஒரு கண்ணாடியில் தரை.

இன்னும் கொஞ்சம் போனால் முடிந்தது. குத்துமதிப்பாக விட்டுவிடலாம். கொம்பையாவின் கால் அதற்குத் துடித்தது. இறங்கினால் மானம் போகும். ஒருவேளை சாவியும் போகும்.

வண்டியை நிறுத்தினார்.

"என்னய்யா, நின்னுட்டே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின்னாடி தெரியல சார். பாத்துட்டு வாரேன்."

சொல்லும்போதே காது இரண்டும் சுட்டது. ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த நீள வண்டியின் ஓரமாகவே நடந்து போனார்.

வண்டிக்குப் பின்னால், ஓரத்தில் நின்றவர்களுக்குத் தெரியாமல் ட்ரெய்லர் மறைத்த இடத்தில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாட்ச்மேன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காற்றில் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, அதன் அடியில் கல்லை வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதுகு வண்டியைப் பார்த்து இருந்தது. முதுகுக்கும் வண்டிக்கும் நடுவே நாலு அடிகூட இருக்காது.

"கொஞ்சம் பொறுங்க, இந்தா ஆச்சு" என்றார் வாட்ச்மேன், திரும்பாமலே.

கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெயில் தாங்கவில்லை போல என்று வாட்ச்மேன் தண்ணீர் எடுக்க ஓடினார்.

பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் அந்த நாலு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். கையிலிருந்த டெஸ்ட் தாளை ட்ரெய்லரின் மேல் வைத்து என்னமோ எழுதினார். நாலாக மடித்துக் கொம்பையாவின் சட்டைப் பையில் வைத்தார்.

"மிச்சத்தையும் எடுத்துக் காட்டவா சார்?"

"போதும்."

சாயங்காலம் அமலியிடம் வந்து ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதையே மூன்று தடவை சொன்னார். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது.

"அந்த வாட்ச்மேன் நல்லாருக்காரு டீச்சர். எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு."

அமலி கடைசியில், டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

கொம்பையா சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் பிரிச்சுப் பாக்கல டீச்சர்."