கொசுவுக்குக் கொசுறு

காட்டுக் குளத்தங்கரையில் ஒரு பெருச்சாளி கடை திறந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கரையில் ஒரு வளை, வளை வாசலில் ஒரு தாமரை இலை, இலை மேல் சில பொட்டலங்கள். அவ்வளவுதான்.

முதல் ஆளாகத் தவளை வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன முதலாளி, என்ன விக்கிறீங்க?"

"கொசு! சுத்தம் பண்ணி, றெக்கை நீக்கி, பொட்டலம் கட்டின கொசு!"

தவளை விழுந்து விழுந்து சிரித்தது. "குளம் பூரா கொசு பறக்குது. வாயைத் திறந்தா தானா வந்து விழுது. அதைப் போய் யாராவது புல்லரிசி குடுத்து வாங்குவாங்களா?"

"வாயைத் திறக்கணும், நாக்கை நீட்டணும், திரும்ப மூடணும். எவ்வளவு வேலை! இத்தனை காலமா எப்படித்தான் கஷ்டப்பட்டீங்களோ!"

தவளைக்கு அன்றுதான் தன் கஷ்டம் தெரிந்தது. பொறுக்கி வைத்திருந்த புல்லரிசியைக் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கியது. பெருச்சாளி அதன் மேல் இன்னொரு கொசுவை வைத்தது.

"இது எதுக்கு?"

"சும்மா வச்சுக்குங்க. கொசுறு!"

"கொசுவுக்குக் கொசுறா!" தவளை துள்ளிய துள்ளலில் பாதிக் குளம் கலங்கியது. மீதிக் குளத்துக்கும் அதுவே போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

கோரைப்புல்லுக்கு நடுவே, தண்ணீரில் கூடு கட்டி ஒரு நாமக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பிறக்கும்போதே நெற்றியில் நாமத்தோடு பிறந்த பறவை அது. தனக்கு இன்னொரு நாமம் போட ஆள் வந்திருப்பது அதற்குத் தெரியாது. நத்தை தேடி வெகுதூரம் போக வேண்டாம், கடையிலேயே கிடைக்கும் என்று பெருச்சாளி சொன்னதும் அதுவும் வாங்கத் தொடங்கியது. அங்கேயும் ஒரு நத்தை கொசுறு.

வியாபாரம் கொழித்தது. தவளையின் நாக்கு இப்போது பாதி தூரம்கூட நீளவில்லை. அதைப் பற்றித் தவளைக்குக் கவலையும் இல்லை.

ஒருநாள் பெருச்சாளி கடை வாசலில் சோகமாக உட்கார்ந்திருந்தது.

"எல்லாருக்கும் கொசுறு குடுக்கறேன். எனக்குன்னு யாராவது ஒரு கொசுறு குடுத்திருக்கீங்களா?"

எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. "என்ன வேணும், சொல்லுங்க முதலாளி!"

"கடையைக் கொஞ்சம் விரிக்கணும். கரையில ஒரே ஒரு முழம்."

"ஒரு முழம்தானே! எடுத்துக்குங்க!"

அடுத்த வாரம் இன்னொரு முழம் கொசுறு. அதற்கடுத்து, சரக்கு வைக்கக் கரைக்கு அடியில் ஒரு கிடங்கு. பிறகு கிடங்குக்கு ஒரு பின்வாசல். கடைசியில் பொட்டலம் கட்டக் கயிறு வேண்டும் என்று பெருச்சாளி நாமக்கோழியிடம் வந்தது.

"அக்கா, உங்க கோரையில பாதி மட்டும்!"

"ஐயோ! கோரை போனா என் கூடு வெளியே தெரியுமே! நரி வேற சுத்துது!"

தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர்கிட்ட எவ்வளவு கொசுறு தின்னிருக்கீங்க! பாதிக் கோரை குடுக்க மனசு வரலையா? நரிக்கும் கூட்டுக்கும் நடுவுல இவ்வளவு தண்ணி கிடக்கு. என்ன பயம்?"

கஞ்சம் என்று பேர் வாங்க நாமக்கோழிக்கு மனமில்லை. பாதிக் கோரையைக் கொடுத்தது.

தோண்டித் தோண்டிக் கரை சல்லடையாகிவிட்டது. தண்ணீர் கிடங்கின் சுவரோரமாகக் கசிந்து, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது.

"முதலாளி, குளம் வத்துதே!" என்றது தவளை.

"வத்தினா நல்லதுதானே! இனிமே கடைக்கு நீந்தி வர வேண்டாம். நடந்தே வரலாம்!"

"அட, ஆமா! அதுவும் வசதிதான்!"

நடந்து வருவது நரிக்கும் வசதியாக இருந்தது. நாமக்கோழி நத்தை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நரி கால் நனையாமல் கூட்டுக்கு வந்து போனது.

திரும்பி வந்த நாமக்கோழி வெறுங்கூட்டைப் பார்த்தது. பதறிப்போய்ச் சேற்றிலெல்லாம் தேடியது. உதவி கேட்டுக் கடைக்கே ஓடியது. அங்கே பெருச்சாளி உற்சாகமாகக் கூவிக்கொண்டிருந்தது.

"புதுச் சரக்கு! முட்டை! நாலு வாங்கினா ஒண்ணு கொசுறு!"

"ஐயோ, அது என் முட்டை!"

"இருக்கலாம் அக்கா. நரி பின்வாசல்ல கொண்டுவந்து குடுத்தது. சரக்கு எங்கேருந்து வருதுன்னு நான் யாரையும் கேக்கறதில்ல. வியாபாரம் பாருங்க!"

"என்கிட்ட புல்லரிசி இல்லையே!"

"அதனால என்ன? மிச்சக் கோரை இருக்குல்ல?"

நாமக்கோழி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தது. இன்னும் சூடு இருந்தது. அதற்கு மேல் அது யோசிக்கவில்லை, மிச்சக் கோரையையும் கொடுத்துவிட்டது. பெருச்சாளி நாலு முட்டையைப் பொட்டலமாகக் கட்டி, ஐந்தாவதை அதன் மேல் வைத்தது. "கொசுறு!"

குளம் வற்றியதிலிருந்து கடையின் தண்ணீர்ப் பானைக்குள் வாடகைக்கு இருந்த தவளை தலையை நீட்டியது.

"பாத்தீங்களா அக்கா! பக்கத்துலயே கடை இருந்ததாலதானே முட்டை உடனே கிடைச்சுது! எவ்வளவு வசதி!"

நாமக்கோழி பொட்டலத்தைச் சிறகுக்குள் அணைத்தபடி, சேற்றில் இங்கும் அங்கும் நடந்தது. கோரையின் மறைவு போய்விட்டதால் இறக்கி வைக்க இடமில்லை. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

இனாமாக வரும் கொசுறுக்கு மயங்கி, இருக்கும் இடத்தைத் துண்டு துண்டாக விட்டுக்கொடுப்பவர்கள், ஒருநாள் தங்களுக்குச் சொந்தமானதையே விலை கொடுத்து வாங்க வேண்டிவரும்.